மூன்றாம் மூலையில் உங்கள் அத்தை

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் மாமா எழுதுவது.

இங்கே நான், உங்கள் அத்தை, நீங்கள் அனுப்பிவைத்த இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், ஒரு ஹெட்போன், சிவப்பு விளக்கு எரியும் அந்தச் சின்னப் பெட்டி, எல்லாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகள் பாப்பாவும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் இதற்குள் போன் செய்து அதற்கும் நான்தான் காரணம் என்று சொல்லியிருப்பாள். போனிலேயே பேசிவிடாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு சந்தேகம் கேட்டால் நீங்கள் "சரி மாமா, சரி மாமா" என்கிறீர்கள். மரியாதைதான், குறை சொல்லவில்லை. ஆனால் 'இது ஏன் இப்படிக் கத்துகிறது' என்ற கேள்விக்கு 'சரி' என்பது பதில் ஆகாது அல்லவா? அதனால் நடந்ததை ஆதியோடந்தமாக எழுதிவிடுகிறேன், சாவகாசமாகப் படித்துப் பதில் போடுங்கள்.

முதலில் நன்றி. உங்கள் சிநேகிதருடைய கம்பெனி, போனில் வழி சொல்லும் ஆப்புக்கு நம் ஆட்கள் பேசுகிற மாதிரி ஒரு குரல் தேடுகிறது என்றதும் உங்களுக்கு என் ஞாபகம் வந்ததே, அதை நான் மறக்கவே மாட்டேன். சர்வே இலாகாவில் இருந்த காலம் முழுக்க இந்த ஊரின் சந்துபொந்தையெல்லாம் செயின் போட்டு அளந்தவன் நான். அப்போது தெருவில் இறங்கினால் நாலு பேராவது வழி கேட்பார்கள். இப்போது ஒருத்தரும் கேட்பதில்லை. போன மாதம் நம் வீட்டு வாசலிலேயே பார்சல் கொண்டுவந்த ஒருவர் பைக்கை நிறுத்தி, "இந்த அட்ரஸுக்கு எப்படிப் போறது?" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கையை நீட்டினேன். அவர் கேட்டது போனை. அது காட்டிய பக்கம் போய், முட்டுச்சந்தில் முட்டிக்கொண்டு, திரும்பி வந்து, என்னைத் தாண்டித்தான் போனார், அப்போதும் கேட்கவில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் காம்பவுண்டு சுவரில் கிடந்த காய்ந்த இலையைத் தட்டிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை மாப்பிள்ளை. ஆகையால் இந்தக் குரல் வேலை எனக்கு விளையாட்டு இல்லை. நானே போனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் என்னைக் கேட்காமல் எங்கே போவார்கள் என்று பார்த்துவிடுகிறேன்.

சாமான்கள் வந்த அன்றே எல்லாவற்றையும் பிரித்து மாட்டிவிட்டேன். ஹெட்போனைக் காதில் வைத்ததும், அடேயப்பா, நம் வீட்டில் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது! ஃபிரிட்ஜ் முனகுகிறது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. உங்கள் அத்தை தையல் மெஷினில் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடிக்கிறாள், அந்த 'நறுக்' கூடக் கேட்கிறது. நான் எச்சில் விழுங்கினால் கிணற்றில் கல் போட்ட மாதிரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வயர் எட்டும் வரை ஒவ்வொரு மூலையாக அலைந்தேன். சுவர்க் கடிகாரத்திடம் போனேன், அது நின்றுபோய் மாதக்கணக்காகிறது. அலமாரிக்குள் மைக்கை விட்டேன், அங்கேயும் டிக் டிக். ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன், அங்கேயும். உங்கள் அத்தை கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "என்னங்க, கையில கட்டியிருக்கிற வாட்ச்சைக் கழட்டிட்டுத் தேடுங்களேன்" என்றாள். மைக் பிடித்த கையிலேயே வாட்ச்! அதைக் கழற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். ஏன் ஃபிரிட்ஜ் என்று கேட்காதீர்கள், அந்த நேரத்துக்கு அதுதான் தோன்றியது.

அப்புறம் கம்பெனி கொடுத்த வாசகங்களை வாசிக்க ஆரம்பித்தேன். "அடுத்த சந்திப்பில் இடது பக்கம் திரும்பவும்" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் ஹெட்போனுக்குள் யாரோ அதையே என் குரலில் திருப்பிச் சொன்னார்கள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எங்கள் வேலையில் இதுதான் ஒழுங்கு. செயின்மேன் அளவைக் கத்துவார், நான் அதைத் திருப்பிக் கத்த வேண்டும், அதற்கப்புறம்தான் அது கணக்கில் ஏறும். இப்படிப் பொறுப்பாகத் திருப்பிச் சொல்கிற ஒரு கருவியை யாரோ எங்கள் இலாகா ஆள்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அது சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து அடுத்த வார்த்தைக்குப் போனேன். இது போதாதென்று ஸ்பீக்கரையும் போட்டுவைத்தேன். நாங்கள் எதையும் ஒரு வழியில் அளந்துவிட்டு நம்புகிறவர்கள் இல்லை, இரண்டு வழியில் அளந்து ஒத்துப்பார்ப்போம். காதில் ஹெட்போன், எதிரே ஸ்பீக்கர், கையில் மைக். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அவ்வளவுதான், வீடே "கீ...ஈ...ஈ" என்று கூவ ஆரம்பித்தது. எதை அமுக்கினால் நிற்கும் என்று தெரியாமல் மைக்கை ஸ்பீக்கர் பக்கத்திலேயே கொண்டுபோய் விசாரித்தேன். அது இன்னும் உற்சாகமாகக் கத்தியது. கடைசியில் உங்கள் அத்தை எழுந்து வந்து சுவர் ஸ்விட்சையே அணைத்தாள்.

மேல்வீட்டில் பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறார் அல்லவா, அவர் கை உறையைக்கூடக் கழற்றாமல் இறங்கி வந்துவிட்டார். "சார், நான் இன்னும் டிரில்லைக் கையிலயே எடுக்கல. அதுக்குள்ள என் பேஷன்ட் நாற்காலியைவிட்டு எழுந்து ஓடிட்டாரு" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். "வழி சொல்றதுக்கா இந்தச் சத்தம்?" என்று கேட்டுவிட்டு, ஓடிய ஆளைத் தேடிக்கொண்டு தெருமுனை வரை போனார். அதற்கப்புறம்தான் நீங்கள் எழுதி அனுப்பிய குறிப்பை எடுத்து நிதானமாகப் படித்தேன். 'பேசும்போது ஹெட்போன் மட்டும், ஸ்பீக்கரை அணைத்துவிடவும். பேசி முடித்ததைக் கேட்கும்போது ஸ்பீக்கர்' என்று தெளிவாகத்தான் போட்டிருக்கிறீர்கள். சாமானைப் பிரிக்கும் அவசரத்தில் அந்தக் காகிதத்தின் மேல் டீ தம்ளரை வைத்திருந்தேன்.

அதே காகிதத்தில்தான் அந்த முக்கோணம் இருந்தது. இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும், சுவரை ஒட்டி வைத்தால் சத்தம் 'கும்'மென்று அடைக்கும், ஸ்பீக்கரில் மேலே உள்ள சின்ன வட்டம் காது உயரத்துக்கு நேராக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒலியைப் பற்றி எனக்குத் தெரியாது, முக்கோணம் எனக்குத் தெரியும். டேப்பை எடுத்தேன், ஆணி அடித்தேன், ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டினேன், தூக்குக்குண்டு தொங்கவிட்டேன். உங்கள் அத்தை சமையலறைக்கும் மெஷினுக்கும் நூலுக்குக் கீழே குனிந்து குனிந்து போய்வந்துகொண்டிருந்தாள். வாசக் கதவு, அலமாரி, சமையலறை வழி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் நம் ஹாலில் ஒரே ஒரு முக்கோணத்துக்குத்தான் இடம் இருக்கிறது. அதன் மூன்றாம் மூலை எங்கே விழுந்தது தெரியுமா? சொல்லிவைத்தாற்போல உங்கள் அத்தையின் தையல் மெஷினில், அவள் தலை இருக்கும் இடத்தில். "கொஞ்சம் தள்ளி உக்காரேன்" என்றேன். "வெளிச்சம் இங்கதான் வருது. உங்க முக்கோணத்தை வேற எங்கயாவது கொண்டுபோய்ப் போடுங்க" என்றாள். முக்கோணத்தை வேறு எங்கும் போட முடியாது என்பதை வரைந்தே காட்டினேன். அவள் அந்தக் காகிதத்தை வாங்கி, யாருடைய பேண்ட்டுக்கோ அளவு குறித்துவைத்துக்கொண்டாள்.

ஆக, நான் வாசித்ததைச் சரியான இடத்திலிருந்து கேட்கும் பாக்கியம் ஒலியைப் பற்றி ஒன்றும் தெரியாத உங்கள் அத்தைக்கு வாய்த்தது. போட்டுக் காட்டினேன். "அடுத்த சந்திப்பில்..." என்று என் குரல் சொல்லிவிட்டு நின்றது. "இடது பக்கம்..." என்று சொல்லிவிட்டு மறுபடி நின்றது. அவள் ஒரு பட்டனே தைத்து முடித்துவிட்டாள். "திரும்பவும்" என்று வந்ததும் தலையைத் தூக்கி, "வண்டி இந்நேரம் அடுத்த ஊருக்கே போயிருக்கும்" என்றாள். "ஒவ்வொரு வார்த்தைக்கும் யாருக்காகங்க காத்திருக்கீங்க?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் குறிப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு வருவதால் தாமதமாகக் கேட்கும், சின்னப் பெட்டியில் உள்ள பட்டனை அமுக்கினால் நேரடியாகக் கேட்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அமுக்கினேன். பின்னாலிருந்து திருப்பிச் சொன்னவர் போய்விட்டார். நல்லதுதான், ஆனாலும் கூடவே வேலை பார்த்த ஒருத்தர் சொல்லாமல் கொள்ளாமல் போன மாதிரி கொஞ்ச நேரம் வெறிச்சென்று இருந்தது.

அடுத்த குறையையும் அவள்தான் சொன்னாள். சரி, இந்தத் தடவை ஒழுங்காக வாசித்துவிடலாம் என்று மைக்கில் புதிதாகப் பதிவை ஆரம்பித்துவிட்டு, ஹெட்போனைக் கையில் எடுத்தேன். "அதுக்கு முன்னாடி அந்த ஸ்பீக்கர் பெட்டிங்களைக் கீழ இறக்குங்க. நீங்க பேசுறது அசரீரி மாதிரி உச்சந்தலைக்கு மேல கேக்குது" என்றாள். விசாரித்ததில், நான் காது உயரத்தை நின்றுகொண்டு அளந்திருக்கிறேன். என் உத்தியோகத்தில் உட்கார்ந்து எவனும் எதையும் அளந்ததில்லை மாப்பிள்ளை! ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏற்றிவைத்திருந்ததை இறக்க ஆரம்பித்தேன். ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தவில்லை, அளவெடுக்க ஆரம்பித்தபின் கருவியை அணைப்பது எனக்குப் பழக்கம் இல்லை. பழைய வாசிப்பை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, நான் ஸ்பீக்கரைத் தூக்கித் தூக்கி வைக்க, அவள் மெஷினைவிட்டு எழாமல் காதாலேயே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இடது பக்கம். ஐயோ, உங்க இடது இல்ல, என் இடது. இன்னும் கொஞ்சம். நில்லுங்க! தாண்டிட்டீங்க, திரும்பி வாங்க. இப்ப என் பக்கம் திருப்புங்க. போதும்." அத்தனை அதட்டலையும் உங்களை உத்தேசித்துத்தான் பொறுத்துக்கொண்டேன். திடீரென்று அவள் தையலை நிறுத்திவிட்டாள். "என்னங்க, நீங்க அங்க நிக்கிறீங்க, உங்க குரல் காலண்டர்லேருந்து வருது?"

இதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் சுவரில் காலண்டர் மாட்டியிருக்கிறது. அங்கே ஒரு வயர்கூடக் கிடையாது. காலண்டரைத் தூக்கிப் பின்னால் பார்த்தேன், ஆணிதான் இருந்தது. அப்புறம் அவள் நூல்கண்டு எடுக்க எழுந்த நேரம் பார்த்து, ஓடிப்போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். உண்மைதான் மாப்பிள்ளை! இடது பெட்டியிலும் இல்லை, வலது பெட்டியிலும் இல்லை, காலண்டரில் நின்றுகொண்டு நான் பேசுகிறேன். தலையை ஒரு விரல்கடை நகர்த்தினால் நானும் நகர்கிறேன். கல் நடாமல் ஒரு புள்ளியை இவ்வளவு துல்லியமாகக் காட்ட எங்கள் இலாகாவில் யாராலும் முடிந்ததில்லை. இரண்டு பெட்டியும் எப்படிப் பேசிவைத்துக்கொண்டு என்னை நடுவில் நிறுத்துகின்றன? இதற்குமட்டும் தயவுசெய்து 'சரி மாமா' என்று எழுதிவிடாதீர்கள்.

அதற்கப்புறம் ஸ்பீக்கரை அணைத்து, ஹெட்போனை மாட்டி, வாட்ச் இல்லாத கையோடு எல்லா வாசகங்களையும் வாசித்தேன். நானே சொல்லக்கூடாது, கணீரென்று வந்திருக்கிறது. உடனே கம்பெனிக்கு அனுப்பியும் ஆயிற்று. பதிவின் ஆரம்பத்தில் இருக்கும் ஸ்டூல் இழுக்கும் சத்தத்தையெல்லாம் வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். களத்தில் பதிந்ததில் ஒரு கோட்டைக்கூட அழிக்கக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். அப்படியே முழுசாக அனுப்பிவிட்டேன், அவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள்.

இப்போது உங்களால் ஆக வேண்டிய காரியம் இரண்டு. ஒன்று, உங்கள் சிநேகிதரிடம் நாசூக்காக விசாரித்து என் குரல் எப்படி என்று தெரிந்து சொல்லுங்கள். போன் மணி அடிக்கும்போதெல்லாம் நான்தான் ஓடிப்போய் எடுக்கிறேன். இரண்டாவது, மூன்றாம் மூலையைக் காலி செய்யும்படி உங்கள் அத்தைக்கு நீங்களே ஒரு வார்த்தை எழுதுங்கள். மாப்பிள்ளை சொன்னால் தட்ட மாட்டாள். வேலை நிரந்தரமானால் நான்தானே அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும்? அவள் நல்லவள்தான், ஆனால் அடுத்த தெருக் கடைக்குப் போனாலே ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறவள். வழி சொல்லும் விஷயத்தில் அவள் அபிப்பிராயத்தை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள்.

நீங்களும் பாப்பாவும் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் தாமதமில்லாமல் விழ, குறைவில்லாத ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்தும்,

தங்கள் மாமா

பி.கு.: உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில் கம்பெனியிலிருந்து போன். ஒரு அம்மாள் பேசினார். "சார், நீங்க அனுப்பினதைக் கேட்டோம். அந்தக் குரல்தான் வேணும்னு எல்லாரும் ஒரே முடிவா சொல்லிட்டாங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ரொம்ப நன்றிம்மா, சின்ன வயசுலேருந்தே எனக்குக் கணீர்க் குரல்தான்" என்றேன். "இல்ல சார்... முன்னாடி ஒருத்தங்க யாரையோ அதட்டிக்கிட்டே இருக்காங்களே, அவங்க. இங்க ஆபீஸ்ல போட்டதும் ரெண்டு பேரு தன்னையறியாம எழுந்து நாற்காலியை இடது பக்கம் நகர்த்திட்டாங்க. பின்னாடி வாசிக்கிறவரும் நல்லாத்தான் வாசிக்கிறாரு. ஆனா அவர் சொன்னா, போகலாமா வேணாமான்னு யோசிக்கத் தோணுது" என்றார்.

வருத்தமா என்று கேட்டால், வருத்தம்தான், உங்களிடம் மறைப்பானேன். போனை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முதலில் மாட்டவே மாட்டேன் என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் உறுதியாக மாட்டேன் என்றாள். "ஒரு தடவை பேசித்தான் பாரேன்" என்று நானே ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, பட்டனை அமுக்கிக் கொடுத்தேன். காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். சவசவவென்று இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சுவத்தைப் பாத்து யாரைங்க திரும்பச் சொல்றது? ஆளு நடந்தாத்தானே எனக்குச் சொல்ல வரும்" என்றாள்.

நான் எழுந்தேன். ஒரு ஸ்பீக்கரை வயரைப் பிடுங்கிவிட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வாசக் கதவிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். "நேரா வாங்க" என்றாள். வந்தேன். "இப்ப வலது பக்கம். மெதுவா, முன்னாடி ஸ்டூல் இருக்கு." திரும்பினேன். "நில்லுங்க!" என்றாள் பாருங்கள், இப்போது என்ன சத்தம் என்று கேட்க இறங்கி வந்த பல் டாக்டர் வாசலிலேயே ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். இப்படி ஹால் முழுக்க நடந்தேன், அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசி வாசகம், 'நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது' என்பது. அதைமட்டும் சொல்லவே இல்லை. "சொல்லேன், கை வலிக்குது" என்றேன். "நீங்க இன்னும் வந்து சேரலையே" என்றாள். இன்னும் ரெண்டு எட்டு வைத்து மெஷின் பக்கத்தில், அந்த மூன்றாம் மூலையில் போய் நின்றேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, "வந்துட்டீங்க" என்றாள். ஓடிக்கொண்டிருந்த பதிவை அப்படியே அனுப்பினேன், கம்பெனிக்காரர்கள் அதையே வைத்துக்கொள்கிறார்களாம்.

ஆகவே, மூலையைக் காலி செய்யச் சொல்லி நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். பார்சல்காரர் யாராவது இனி நம் வாசலில் வழி தவறி நின்றால், போனிலிருந்து அவள் அவரைத் திரும்பச் சொல்வாள். அவருக்குத் தெரியாது, அது என்னைப் பார்த்துச் சொன்னது. ஸ்பீக்கர் இன்னும் என் மடியில்தான் இருக்கிறது, அதை எங்கே வைப்பது என்று அவள் இன்னும் சொல்லவில்லை.